மேட் மான்ஸ்டர் பார்ட்டி? (1967): பொம்மைப் பூதங்களின் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை விடுமுறையில் வீட்டுக்கு வந்த உறவுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை உட்கார வைத்து இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். படம் ஓடும்போதே கேள்விகள் வந்து விழுந்தன. பிள்ளைகளோடு உட்கார்ந்த அக்காவும் அத்தானும் வேறு கேட்டார்கள். அந்தக் கேள்விகளையும், படத்தைப் பற்றிச் சொன்ன போதெல்லாம் நண்பர்கள் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். படத்தின் முடிவைத் தொடும் கேள்வி ஒன்று பின்னால் வருகிறது. அதற்கு முன்பே எச்சரிக்கை போட்டிருக்கிறேன்.

இது எந்த மாதிரிப் படம்?

1967-ல் அமெரிக்காவில் வெளியான முழுநீள ஸ்டாப் மோஷன் நகைச்சுவைப் படம். மனித நடிகர் ஒருவரும் திரையில் வருவதில்லை, எல்லாமே பொம்மைகள். ராங்கின்/பாஸ் என்ற நிறுவனம் தயாரித்தது. ஆர்தர் ராங்கின் தயாரிப்பாளர், ஜூல்ஸ் பாஸ் இயக்குநர். கிறிஸ்துமஸ் காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இன்றும் வந்துகொண்டிருக்கும் சிவப்பு மூக்குக் கலைமான் ருடால்ஃப் படத்தை 1964-ல் கொடுத்தவர்களும் இவர்கள்தான். படத்தின் பெயரில் கடைசியில் ஒரு கேள்விக்குறி உண்டு. திரையில் அப்படித்தான் வருகிறது. பலர் அதை விட்டுவிட்டு எழுதுகிறார்கள்.

கதை என்ன?

கரீபியன் கடலில் ஒரு தீவு. அங்கே கோட்டை கட்டி வாழ்கிறார் பாரன் (பிரபு என்பது போன்ற பட்டம்) போரிஸ் ஃபான் ஃபிராங்கன்ஸ்டைன். உயிரை உண்டாக்கும் ரகசியம் முன்பே அவர் கையில் இருந்தது. இப்போது எல்லாவற்றையும் அழிக்கும் ரகசியத்தையும் கண்டுபிடித்துவிடுகிறார். ஒரு சிறு குப்பி போதும். வயதாகிவிட்டது, உலகப் பூதங்களின் சங்கத்துக்குத் தலைவராக இருந்து களைத்துவிட்டார், ஓய்வு பெற நினைக்கிறார். அதை அறிவிக்க ஒரு விருந்து. அழைப்பிதழ்களை வௌவால்கள் கொண்டுபோய்க் கொடுக்கின்றன.

பதவிக்கு வாரிசாக அவர் நினைத்திருப்பது மருமகன் ஃபீலிக்ஸ் ஃபிளாங்கினை. ஃபீலிக்ஸ் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிப் பையன். எதையாவது தட்டிவிடுவான், தும்முவான், யாரைப் பார்த்தாலும் நல்லவர் என்று நம்புவான். எதிரே டிராகுலா பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது கூட அவனுக்கு உறைக்காது. பாரனின் செந்நிறக் கூந்தல் உதவியாளர் ஃபிரான்செஸ்காவுக்கு அந்த ரகசியத்தின் மேல் கண். டிராகுலாவுக்கும் கண். ஆளாளுக்குச் சதி செய்கிறார்கள், சதிக்குள் இன்னொரு சதி. ஒவ்வொன்றிலிருந்தும் ஃபீலிக்ஸ் தப்பிக்கிறான், தப்பித்தோம் என்பது அவனுக்கே தெரியாமல்.

ஸ்டாப் மோஷன் என்றால் நம்ம ஊர் பொம்மலாட்டம் போலத்தானா?

இல்லை. பொம்மலாட்டத்தில் கலைஞர் மேலே நின்று கயிற்றையோ கம்பியையோ அசைக்க, பொம்மை அந்த நேரத்திலேயே ஆடும். பார்ப்பவரும் ஆட்டுபவரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். ஸ்டாப் மோஷனில் பொம்மை ஒருபோதும் அசைவதே இல்லை. கையை அரை விரற்கடை உயர்த்திவைத்து ஒரு படம் எடுப்பார்கள். இன்னும் கொஞ்சம் உயர்த்தி இன்னொரு படம். இவற்றைத் தொடர்ச்சியாக ஓட்டினால் பொம்மை கையைத் தூக்குவது போலத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு 1,29,600 ஃபிரேம். ஒரு நிலையை இரண்டு ஃபிரேம் வீதம் எடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அப்படி எடுத்தாலும் 64,800 தடவை பொம்மையைத் தொட்டுத் திருத்தி வைக்க வேண்டும். இந்தப் படம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. அதிலும் விருந்துக் காட்சியில் ஒரே சட்டத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பொம்மைகள் நிற்கின்றன. டிராகுலா பேசும்போது பின்னால் நிற்கும் மம்மியும் கொஞ்சம் அசைய வேண்டுமே! இரண்டாம் முறை பார்க்கும்போது பேசுபவரை விட்டுவிட்டுப் பின்வரிசையை மட்டும் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். அங்கேதான் உழைப்பு தெரியும்.

அமெரிக்கப் படம் என்கிறீர்கள், ஜப்பானில் எடுத்தது என்றும் சொல்கிறார்களே?

இரண்டும் சரி. எனக்கு இந்தப் படத்தின் மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணமே அந்த ஜப்பானியப் பாதிதான்.

கதை, வசனம், பாட்டு, குரல் எல்லாம் அமெரிக்கத் தரப்பின் வேலை. முதலில் குரல்களைப் பதிவு செய்துவிடுவார்கள். காட்சிகளைப் படம்படமாக வரைந்த ஸ்டோரிபோர்டும் ஒலிநாடாவும் டோக்கியோ போகும். அங்கே மோச்சினாகா தடஹிட்டோ என்பவரின் ஸ்டூடியோவில் பொம்மை செய்து, அரங்கம் அமைத்து, ஒவ்வொரு ஃபிரேமாக எடுப்பார்கள். தங்களுக்குப் புரியாத மொழியில் உள்ள நகைச்சுவைக்கு உதட்டையும் புருவத்தையும் நொடி பிசகாமல் அசைத்தவர்கள் அந்த ஜப்பானியக் கலைஞர்கள். இந்த முறைக்கு ராங்கின்/பாஸ் வைத்த பெயர் 'அனிமேஜிக்'.

மோச்சினாகாவின் வாழ்க்கையே தனிப் படமாக எடுக்கத் தக்கது. 1919-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் இருந்தார். போர் முடிந்தபின் உடனே ஊர் திரும்பாமல் சீனாவிலேயே தங்கினார். 1947-ல் வந்த சீனாவின் முதல் பொம்மை அனிமேஷன் படத்தில் பொம்மைகளுக்கு உயிர் கொடுத்தவர் அவர். ஃபாங் மிங் என்ற சீனப் பெயரும் அவருக்கு உண்டு. 1953-ல் ஜப்பான் திரும்பி, பொம்மைப் படங்களுக்கென்றே ஸ்டூடியோ தொடங்கினார். அவருடைய வேலையைப் பார்த்து அசந்துபோன ஆர்தர் ராங்கின் அவரோடு கைகோத்தார். 1960-ல் ஐந்து ஐந்து நிமிடமாக 130 பகுதிகள் கொண்ட பினோக்கியோ தொடரில் தொடங்கிய கூட்டு, ருடால்ஃப் வழியாக இந்தப் படம் வரை வந்தது.

ஆக, இரண்டு நாடுகளின் பொம்மைப்பட வரலாற்றில் ஒரே மனிதரின் கை இருக்கிறது. ராங்கின்/பாஸ் படங்களில் அவர் பெயரைச் சுருக்கி 'டேட் மோச்சினாகா' என்று போடுவார்கள். அந்தப் பெயர் திரையில் வரும்போது பிள்ளைகளிடம் சுட்டிக்காட்டுங்கள்.

போரிஸ் கார்லாஃப் யார்? அவர் குரலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

1931-ல் யுனிவர்சல் நிறுவனம் எடுத்த ஃபிராங்கன்ஸ்டைன் படத்தில் அந்தப் பூதமாக நடித்தவர். தட்டையான உச்சந்தலை, கழுத்தில் இரும்பு முனைகள், தொங்கும் இமைகள் என்று இன்று உலகத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் வரைந்து காட்டும் உருவம் அவர் முகத்தின் மேல் ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக் கலைஞர் உருவாக்கியது. 1935-லும் 1939-லும் மறுபடி அதே பூதமாக வந்தார். 1966-ல் கிறிஸ்துமஸைத் திருடும் கிரிஞ்ச் என்ற கார்ட்டூனுக்குக் கதை சொன்ன குரலும் அவருடையதுதான்.

இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். 1887-ல் லண்டனில் பிறந்தார். அவருடைய தந்தை பிரிட்டிஷ் இந்திய அரசில் உப்பு வருவாய்த் துறையில் பணிபுரிந்தவர். குடும்பத்தில் இந்திய வம்சாவளியும் உண்டு. அவருடைய மாநிறம் அதனால்தான்.

இப்போது இந்தப் படத்துக்கு வருவோம். 36 ஆண்டுகளுக்கு முன் பூதமாக நின்று உலகத்தை மிரட்டியவர், இங்கே பூதத்தைப் படைத்தவராகப் பேசுகிறார். அதுவும் எப்படிப்பட்ட பாத்திரம்? வயதாகிவிட்டது, பொறுப்பை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும் என்று நினைக்கும் முதியவர். பதிவு செய்யும்போது கார்லாஃபுக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது. பொம்மையின் நரைமுடியும் மீசையும் நீண்ட முகமும் அவருடைய சாயல். பாரன் என்ற பாத்திரத்தின் முதற்பெயரும் போரிஸ். குரலில் அதட்டல் துளியும் இல்லை. பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லும் நிதானம், கொஞ்சம் மூச்சு வாங்கல், சில எழுத்துகளில் மெல்லிய மழலை. ஒரு பாட்டும் பாடுகிறார். 1969 பிப்ரவரியில், 81 வயதில் காலமானார். ஃபிராங்கன்ஸ்டைன் என்ற பெயரோடு அவர் செய்த கடைசி வேலை இதுதான். அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் சிரிப்புக்கு நடுவே தொண்டை அடைக்கிறது.

மற்ற குரல்கள்?

பூதத்தின் மனைவியாகப் பேசுபவர் ஃபில்லிஸ் டில்லர். மேடையில் தனி ஆளாக நின்று நகைச்சுவை பேசிப் புகழ்பெற்ற அமெரிக்கப் பெண்மணி. பறந்து நிற்கும் தலைமுடியும் வெடிச்சிரிப்பும் அவருடைய அடையாளம். பொம்மையையும் அவரைப் போலவே செய்துவிட்டார்கள். மேடையில் அவர் தன் கணவரை 'ஃபாங்' என்று சொல்லித்தான் கிண்டலடிப்பார். படத்தில் பூதத்தையும் அதே பெயரில் கூப்பிடுகிறார்.

ஃபிரான்செஸ்காவுக்குப் பேசிப் பாடியவர் கேல் கார்னெட், 1964-ல் ஒரு பாட்டால் அமெரிக்காவெங்கும் தெரிந்த பாடகி. ஃபீலிக்ஸ், டிராகுலா, பணியாள் யெட்ச், மாயமனிதன் என்று மிச்சமுள்ள கூட்டத்தில் பெரும்பாலோருக்கும் பேசியவர் ஒரே ஆள், ஆலன் ஸ்விஃப்ட். 1960-களின் தொடக்கத்தில் செக்கோஸ்லோவாகியாவில் தயாரான டாம் அண்ட் ஜெர்ரி குறும்படங்களில் ஒலித்த குரலும் இவருடையது. ஃபீலிக்ஸைத் திக்கித் திணறும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பாணியிலும், யெட்சைக் கரகரத்துக் கிசுகிசுக்கும் பீட்டர் லோரி பாணியிலும் பேசியிருக்கிறார். பழைய ஆங்கிலப் படங்கள் பார்த்தவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள்.

பொம்மைகளின் முகம் பத்திரிகைக் கார்ட்டூன் மாதிரி இருக்கிறதே?

வரைந்தவர் பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட்தான். ஜாக் டேவிஸ், 'மேட்' என்ற அமெரிக்க நகைச்சுவை இதழின் முக்கிய ஓவியர். அதற்கு முன் பேய்க்கதைச் சித்திர இதழ்களிலும் வரைந்தவர். பயமுறுத்தவும் தெரியும், சிரிக்க வைக்கவும் தெரியும். பெரிய தலை, மெலிந்த கால், நீண்ட பாதம், தொய்ந்த தோள் என்று அவருடைய கோடுகள் அப்படியே முப்பரிமாணத்துக்கு வந்திருக்கின்றன. திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவரான ஹார்வி கர்ட்ஸ்மன், 1952-ல் அந்த 'மேட்' இதழைத் தொடங்கி வைத்த ஆசிரியர். இன்னொருவர் லென் கொரோப்கின்.

காகிதத்தில் ஒரு கோட்டை வளைத்து வரைவது எளிது. அதே வளைவோடு பொம்மை செய்து, கீழே விழாமல் நிற்க வைத்து, நடக்கவும் வைப்பது வேறு சங்கதி. டேவிஸின் மெலிந்த கால்களை டோக்கியோவில் நிற்க வைத்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரிந்திருக்கும்.

எந்தெந்தப் பூதங்கள் வருகின்றன?

பழைய பேய்ப்படங்களின் மொத்தக் குடும்பமும் வருகிறது. டிராகுலா, ஓநாய் மனிதன், மம்மி, டாக்டர் ஜெக்கிலும் அவருக்குள் ஒளிந்திருக்கும் ஹைடும், நோத்ர தாம் கூனன், நீருக்கடியில் வாழும் செதில் உருவம், ஃபிராங்கன்ஸ்டைனின் பூதமும் அவன் மனைவியும். மாயமனிதனுக்கு உடம்பு கிடையாது, குஞ்சத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அங்கியும் மட்டும் உலாவும். பிள்ளைகளுக்கு அவரைத்தான் பிடித்தது.

அழைப்பில்லாத ஒரு விருந்தாளியும் உண்டு, ஒரு ராட்சதக் குரங்கு. பார்த்தவுடன் 1933-ன் கிங் காங் என்று தெரியும். படமோ ஒரு இடத்திலும் அந்தப் பெயரைச் சொல்லாமல் 'அது' என்று மட்டுமே சொல்கிறது.

நான் இதில் ரசிப்பது ஒன்று. அந்தக் காலத்து அமெரிக்கப் படங்களில் ஸ்டாப் மோஷன் பொம்மை வந்தால், மனிதர்களுக்கு நடுவே பூதமாக நிற்கத்தான் வரும். 1933-ன் காங் அப்படித்தான் வந்தது, ஸ்டாப் மோஷன் கலைஞர் ரே ஹாரிஹவுசனின் பிராணிகளும் அப்படித்தான். பொம்மை என்று தெரியாமல் மறைப்பதே கெட்டிக்காரத்தனம். இங்கே எல்லாருமே பொம்மை, எதையும் மறைக்க வேண்டியதில்லை. துணியின் இழையும் கம்பளி மயிரும் கண்ணுக்குத் தெரிகின்றன. பொம்மைக்குப் பயப்படுவானேன் என்று ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் அருகில் வந்துவிடுகிறார்கள்.

குழந்தைகள் பயப்பட மாட்டார்களா? எந்த வயதில் காட்டலாம்?

ஏழெட்டு வயதுக்கு மேல் தயங்காமல் காட்டலாம். எங்கள் வீட்டில் மிகச் சிறிய பெண்ணுக்கு ஐந்து வயது. எலும்புக்கூடுகள் வந்தபோது மட்டும் அம்மா மடிக்குப் போனாள், பாட்டு தொடங்கியதும் இறங்கி ஆடினாள்.

பயத்தைவிட வேறு சில விஷயங்களைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. ஃபிரான்செஸ்காவின் உடை அந்தக் கால ஜேம்ஸ் பாண்டு படங்களின் பாணியில் இருக்கும். யெட்ச் அவளைக் கண்டால் வழிந்துகொண்டே பின்னால் ஓடுவான். எனக்கு அறவே பிடிக்காத காட்சி ஒன்றும் உண்டு: அவள் பதறிக் கத்தும்போது ஃபீலிக்ஸ் கன்னத்தில் அறைகிறான், அந்த அறையிலேயே அவளுக்குக் காதல் வந்துவிடுகிறது. நான் அங்கே படத்தை நிறுத்தி, இது தப்பு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். "அடிச்சவனை எப்படி அவங்களுக்குப் பிடிக்கும்?" என்று பெரியவள் கேட்டாள். சரியான கேள்வி. அந்தப் பேச்சுக்காகவாவது கூட உட்கார்ந்து பாருங்கள், தனியே விட்டுவிடாதீர்கள்.

ஆங்கிலம் நன்றாகத் தெரியாத பிள்ளைகளுக்குப் புரியுமா?

கதை புரியும். சிலேடைகள் பாதி போய்விடும். 'அதை' ஏன் விருந்துக்கு அழைக்கவில்லை என்பதற்குப் பாரன் சொல்லும் காரணம் ஒரு எடுத்துக்காட்டு. போன தடவை வந்தபோது காட்டுப்பன்றிகளை வெறும் கையால் நசுக்கியதாம். ஆங்கிலத்தில் காட்டுப்பன்றியும் அலுப்புத் தட்ட வைக்கும் ஆளும் ஒரே ஒலி. இதை அப்படியே சொன்னால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். "அது வந்தால் ஒரே அறுவை, நிஜமாவே அறுத்துடும்" என்று மாற்றிச் சொன்னேன், வேலை செய்தது. இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் எடுத்துக்கொடுத்தால் பிள்ளைகளுக்குக் கூடுதல் சந்தோஷம். படம் சில இடங்களில் மெதுவாகப் போகும், குறிப்பாகக் கப்பல் காட்சிக்குப் பிறகு. அங்கே இடைவேளை விட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டுகள் எப்படி?

இசை மோரி லாஸ், வரிகள் ஜூல்ஸ் பாஸ். தலைப்புப் பாட்டை ஜாஸ் பாடகி எத்தல் என்னிஸ் பாடியிருக்கிறார். பித்தளை வாத்தியங்கள் எழும்பி முழங்க, அவர் பாடும் அந்தக் கம்பீரத்தைக் கேட்டால் பெரிய உளவுப் படம் தொடங்கப் போவது போலிருக்கும். பொம்மைப் படம்தானே என்று யாரும் அலட்சியமாக வேலை பார்க்கவில்லை. எலும்புக்கூட்டுக் குழு மம்மியைப் பற்றிப் பாடும் பாட்டு தனி விருந்து. பீட்டில்ஸ் போல முடி வைத்த எலும்புக்கூடுகள்! குழுவின் பெயரே முழங்காலுக்குக் கீழேயுள்ள இரண்டு எலும்புகளின் பெயரை வைத்துச் செய்த விளையாட்டு.

வெளியானபோது ஓடியதா?

பெரிய ஓட்டம் இல்லை. குழந்தைகளுக்கான பகல் காட்சிகளாகச் சில இடங்களில் போட்டார்கள். பிறகு தொலைக்காட்சிதான் இதைக் காப்பாற்றியது. ஹாலோவீன் காலத்தில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகி, பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களாகித் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். 1993-ல் ஹென்றி செலிக் இயக்கத்தில் வந்த டிம் பர்ட்டனின் கிறிஸ்துமஸ் எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் வாடை உடனே தெரியும். ராங்கின்/பாஸின் பொம்மைப் படங்கள் தன்னைப் பாதித்தவை என்று பர்ட்டனே சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் பாகம் உண்டா?

1972-ல் அதே நிறுவனம் தொலைக்காட்சிக்கு ஒரு படம் செய்தது. அது கையால் வரைந்த கார்ட்டூன். பொம்மைகள் இல்லாததால் எனக்கு ஒட்டவில்லை.

அந்தக் காலத்துப் பொம்மைகளுக்கு இப்போது மதிப்பு உண்டா?

ருடால்ஃப் படத்தில் பயன்பட்ட கலைமான், சாண்டா பொம்மைகள் இரண்டும் 2020-ல் 3,68,000 டாலருக்கு ஏலம் போயின. வாங்கியவர் அவற்றை அட்லாண்டாவில் உள்ள பொம்மலாட்டக் கலை மையத்துக்கே கொடுத்துவிட்டார். மோச்சினாகாவின் ஸ்டூடியோவில் மரமும் கம்பியும் துணியுமாகச் செய்யப்பட்டவை அவை.

முடிவில் ஃபீலிக்ஸ் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறானே, என்ன அர்த்தம்? (படம் பார்க்காதவர்கள் இதைத் தாண்டிப் போகவும்.)

'அது' ஃபிரான்செஸ்காவைத் தூக்கிக்கொண்டு மலையுச்சியில் நிற்க, பாரன் இரட்டைச் சிறகு விமானத்தில் பறந்து வருகிறார். அவளை மீட்கிறார், தான் மாட்டிக்கொள்கிறார். மற்ற பூதங்களும் அதன் பிடியில். பாரன் குப்பியைக் கைவிடுகிறார், தீவே இல்லாமல் போகிறது. படகில் தப்பிய இருவரும் பேசிக்கொள்கிறார்கள். நான் மனுஷி இல்லை, பாரன் செய்த இயந்திரம் என்கிறாள் அவள். குறையில்லாதவர் யார் என்கிறான் ஃபீலிக்ஸ். சொன்னவன் நிறுத்தாமல், தேய்ந்த இசைத்தட்டு போல அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனும் பாரன் செய்த இயந்திரம்தான் போலும்.

மொத்தப் படத்திலும் சாதாரண மனிதன் என்று நாம் நம்பி வந்தவன் அவன். எங்கள் வீட்டில் இதை முதலில் பிடித்தவன் ஒன்பது வயதுப் பையன். "சித்தப்பா, அவன் ரிப்பேர் ஆயிட்டான்!" என்று கத்தினான்.

வீட்டில் பிள்ளைகளை வைத்து இப்படி எடுத்துப் பார்க்க முடியுமா?

தாராளமாக. கைப்பேசியும் அதற்கான இலவசச் செயலியும் போதும். கைப்பேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து, அசையாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஜன்னல் திரையை மூடிவிட்டு மேசை விளக்கை மட்டும் போடுங்கள். வெயில் ஏறி இறங்கினால் படம் மினுங்கும். களிமண்ணுக்குள் மெல்லிய கம்பி வைத்துச் செய்தால் கை கால் ஒடியாது. பாதத்துக்கு அடியில் கொஞ்சம் களிமண் கூடுதலாக அப்புங்கள், இல்லாவிட்டால் பாதியில் சாயும். நொடிக்கு 12 படம் என்று வைத்துக்கொண்டால் பத்து நொடிக் காட்சிக்கு 120 படம்.

எங்கள் பிள்ளைகள் முதல் நாள் நான்கு நொடி எடுத்தார்கள். ஒரு பச்சைப் பூதம் வாழைப்பழத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறது, அவ்வளவுதான். அதை எடுக்க மாலை முழுவதும் ஆனது. நடுவில் யாரோ அந்த வாழைப்பழத்தைத் தின்றுவிட்டார்கள். வேறு பழம் வைத்து எடுத்தோம், மூன்றாவது நொடியில் அது தெரியும்.